அப்டேட்டால் கெட்ட கேமுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காசு கொடுத்து வாங்கிய வீடியோ கேமை, அதை உருவாக்கிய நிறுவனமே அப்டேட் அனுப்பிக் கெடுத்துவிட்டால் வாங்கியவர் யாரிடம் போய்க் கேட்பது? ஒரு வருஷத்துக்கும் மேலாக நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் கேம், போன மாதம் தானாக இறங்கிய ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு லோடிங் திரையைத் தாண்டுவதே இல்லை, எப்போதாவது தாண்டினாலும் ஆடியவரை சேமித்து வைத்த பழைய சேவ் ஃபைலைத் திறந்தவுடன் மூடிக்கொள்கிறது. சப்போர்ட்டுக்கு எழுதினேன். கணினியின் பாகங்களை இயக்கும் டிரைவர் மென்பொருளை அப்டேட் செய்யுங்கள், கேமை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள் என்று பதில் வந்தது. இதையெல்லாம் செய்து பார்த்துவிட்டேன் என்று முதலிலேயே எழுதியிருந்தேன், அதை யாரும் படிக்கவே இல்லை. திரும்ப எழுதினால் அதே பதில், அப்புறம் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்லி புகாரையே மூடிவிட்டார்கள். மறுபடி இன்ஸ்டால் செய் என்று சுலபமாகச் சொல்கிறார்கள், இன்றைய பெரிய கேம்கள் பல 100 ஜிபியைத் தாண்டுகின்றன, தினம் 2 ஜிபி மொபைல் டேட்டாவை நம்பியிருக்கும் பையன் என்ன செய்வான்?

பிழை வருவது எனக்குக் கோபமில்லை. 2015 ஜூனில் 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' கணினியில் சரியாக ஓடாதபோது விற்பனையையே நிறுத்தி, அக்டோபரில்தான் மறுபடி விற்றார்கள். 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்த சுமார் ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் பிளேஸ்டேஷன் ஆன்லைன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. ஆனால் இவையெல்லாம் புதிதாக வெளிவந்த கேம்கள். வாங்கிப் பல மாதம் கழித்து அப்டேட் கெடுத்தால் அந்தக் கதவும் மூடிவிடுகிறது. கணினி கேம்களை விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமின் பொதுவான விதியையே பாருங்கள், வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் கேட்கலாம்.

பழைய பதிப்புக்குத் திரும்ப ஒரு வழி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஸ்டீமில் பழைய பதிப்புகளைத் தனியாக வைத்திருக்க நிறுவனங்களுக்கு வசதி இருக்கிறது, சிலர் வைக்கிறார்கள், பலர் வைப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் அமலில் இருக்கும் டிஜிட்டல் பொருட்களுக்கான விதிப்படி, நிறுவனம் செய்த மாற்றம் வாங்கியவரின் பயன்பாட்டைக் கணிசமாகக் கெடுத்தால் அவர் 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், பழையபடியே பயன்படுத்த வழி கொடுத்தால்தான் நிறுவனம் தப்பிக்கும். எனக்கு வேண்டியதும் இதுதான்.

நம் நாட்டிலும் 2020 மின் வணிக விதிகள் டிஜிட்டல் பொருட்களுக்கும் பொருந்தும். புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆனால் அப்டேட்டால் வரும் கோளாறைப் பற்றி அதில் தெளிவாக எதுவும் இல்லை. நுகர்வோர் நலத்துறை அதைச் சேர்க்க வேண்டும், தானியங்கிப் பதிலைப் புகார் தீர்ந்ததாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

இதே பிரச்சினையில் இருப்பவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் சொந்த மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வாங்கக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் வழக்குக் கட்டணமும் கிடையாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை