பிள்ளையார் கோயில் குளத் திருப்பணி நிறைவு அறிக்கை

மதிப்புக்குரிய அங்கத்தவர்களுக்கு வணக்கம்.

தம்பலகாமப் பற்றிலுள்ள எமது பிள்ளையார் கோயில் குளத்தின் திருப்பணி, விநாயகப் பெருமானின் அருளாலும் உங்கள் உபயத்தாலும் நிறைவுற்று, இந்தப் பெரும்போக மழையில் குளம் நிரம்பி வான் (மிகைநீர் வழியும் இடம்) பாய்ந்ததை யாவரும் அறிவீர்கள். கட்டு உயர்த்தியது, துருசு (நீர் திறக்கும் மதகு) மாற்றியது, படித்துறை சீரமைத்தது ஆகியவற்றுக்கான வரவுசெலவு பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்பட்டு அறிவித்தல் பலகையிலும் ஒட்டப்பட்டிருப்பதால், அதை இங்கே திரும்ப எழுதவில்லை. வேலை ஏன் இரண்டு வரட்சிக் காலங்களுக்கு நீண்டது, குளத்தை ஏன் அடிவரை வற்றவைக்கவில்லை, படித்துறை தவிர்ந்த கரைக்கு ஏன் கொங்கிறீற்று போடவில்லை என்று அங்கத்தவர் பலர் கேட்டுவந்தார்கள். அவற்றுக்கு விடை சொல்வதே இவ்வறிக்கையின் நோக்கம். மூன்றுக்கும் காரணம் குளத்து மீன்தான்.

உலகின் மீன் இனங்களுள் ஏறத்தாழப் பாதி நன்னீரில் வாழ்பவை. ஆனால் ஆறு, குளம், ஓடை எல்லாம் சேர்ந்தும் பூமிப் பரப்பில் 1 சதவீதத்துக்குக் குறைவான இடத்தையே பிடித்திருக்கின்றன. இவ்வளவு உயிர் இவ்வளவு சிறிய இடத்தில் நெருங்கி வாழ்வதால், ஓர் ஓடையைத் திருப்பினால்கூட ஓர் இனமே அற்றுப்போகலாம். கேகாலை மாவட்டத்தின் கலபிட்டமடவில் ஒரு சிற்றோடையில் மட்டும் கண்டறியப்பட்டு 1991 இல் அறிவியல் உலகுக்கு விவரிக்கப்பட்ட சிறு கெண்டையினம் ஒன்று இதற்கு உதாரணம். இலங்கைக்கே உரிய நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட தென்மேற்கு ஈரவலய ஓடைகளில்தான் வாழ்கின்றன. எமது குளத்தில் அத்தகைய அபூர்வம் எதுவும் இருப்பதாகக் குழு உரிமை கோரவில்லை. இங்கே இருப்பவை விரால், குறவை, கெளுத்தி, சுங்கான், பனையேறி, ஆரல், விலாங்கு, பலவகைக் கெண்டைகள், அவற்றோடு நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்ன நீர்மட்டத்தில் நின்று நுளம்புப் புழுக்களைத் தின்னும் பெயர் தெரியாச் சிறு மீன்கள். சாதாரண மீன்கள்தாம். ஆனால் சாதாரணமானவை குறைந்துபோவதை எவரும் எழுதிவைப்பதில்லை. ஆரல் கடைசியாக எப்போது கரப்பில் (மீன் பிடிக்கும் கூடையில்) அகப்பட்டது என்று எமது மூத்தவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு விடை வரும்.

முதலாவது கேள்வி, குளத்தை முழுதாக வற்றவைத்துத் தூர் வாரியிருக்கலாமே என்பது. இயந்திரத்துக்கு அது சுலபம், செலவும் குறைவு. அயலில் ஒரு குளத்தில் அப்படியே செய்யப்பட்டது: அடித்தளம் முழுவதும் தட்டுப்போல் ஒரே மட்டமாக வழிக்கப்பட்டு, கரையோரப் புல்லும் தாமரைக் கிழங்கும் டிப்பரில் ஏற்றப்பட்டன. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் அங்கே தண்ணீர் எங்கும் முழங்கால் ஆழமே நின்று, சூடேறி, மீன் ஒதுங்க ஒரு மடுவும் இல்லாமற் போயிற்று. வரண்ட வலயக் குளத்தில் மீன் ஆண்டு முழுவதும் பிழைப்பது நிறைந்த நீரால் அல்ல, ஆவணி, புரட்டாதியில் எஞ்சும் மடுவால்தான். ஆகவே துருசுக்கு அண்மையில் இருந்த பழைய மடுவை மூடாமல் இன்னும் ஆழமாக்கினோம். குளத்தை இரண்டாகப் பிரித்து மண் அணையிட்டு, ஒரு வரட்சியில் கிழக்குப் பாதியையும் மறு வரட்சியில் மேற்குப் பாதியையும் வாரினோம். ஒரு பாதி கலங்கிக் கிடக்கும்போது மறு பாதியில் உயிர்கள் இருந்தன. அடுத்த மழையில் விதையும் முட்டையும் அங்கிருந்தே வந்து சேர்ந்தன.

கிழக்குப் பாதியை வாரியபோது நடந்த ஒன்றைச் சிரமதானத்துக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். மேலே வெடித்துக் காய்ந்திருந்த சேற்றை பெக்கோ இயந்திரத்தின் வாளி புரட்ட, உள்ளே ஈரச்சேற்றில் முழங்கை நீள விரால் ஒன்று, மேலெல்லாம் களி பூசியபடி, வாயை மெல்லத் திறந்து மூடிக்கொண்டு கிடந்தது. விரால் செவுளால் மட்டுமன்றி நேரே காற்றையும் சுவாசிக்க வல்லது; தோல் ஈரமாக இருக்கும்வரை நீரில்லாச் சேற்றிலும் மழைக்காகக் காத்திருக்கும். அதன்பின் சேற்றுப் பகுதியில் ஒவ்வொரு தடவையும் இருவர் முன்னால் நின்று மண்வெட்டியால் கிளறிப் பார்த்த பின்னரே இயந்திரம் இறங்கியது. வேலை மந்தமாகியது என்று இயந்திரக்காரர் முறையிட்டது உண்மை; அவருக்குரிய மேலதிகக் கூலி கணக்கில் தனியாகக் காட்டப்பட்டுள்ளது.

கரைக்குக் கொங்கிறீற்று போடாததற்குக் காரணமும் இதனோடு சேர்ந்ததே. விரால் நீர்ப்பூண்டுகளுக்கு நடுவே கூடமைத்து முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுகளின் திரளைத் தாயும் தந்தையுமாகக் காவல் காக்கும். பூண்டில்லாத சீமெந்துச் சரிவில் அது எங்கே கூடு கட்டும்? அலைகரையில் நிற்கும் மருத மரங்களின் வேர்களும் கரையோரக் கோரையும் மேட்டிலிருந்து வரும் வண்டலை வடித்து, குஞ்சுகளுக்கு ஒளிப்பிடமும் கொடுக்கின்றன. வண்டல் வடிவதால், அடுத்த தூர்வாரலையும் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம் என்பது குழுவின் மதிப்பீடு. ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும் மட்டும் முற்றாக அகற்றினோம். அவை வெளியிலிருந்து வந்தவை, நீரின் முகத்தை மூடி ஒளியையும் காற்றையும் தடுப்பவை.

திருப்பணியில் குழு மிகுந்த மனநிறைவு கொள்வது வானில் செய்த மாற்றத்தைக் குறித்து. முன்பு செய்யப்பட்ட திருத்தத்தில் வானின் கீழ்ப்புறம் செங்குத்தான சீமெந்துச் சுவராக்கப்பட்டிருந்தது. மழை தொடங்கியதும் வயலிலிருந்தும் வாய்க்காலிலிருந்தும் ஏறிவரும் கெளுத்தியும் பனையேறியும் அந்தச் சுவரில் முட்டி நின்றுவிடும். கரப்போடு காத்திருப்பவருக்குக் கொண்டாட்டம். விலாங்கின் நிலைமை இன்னும் கடினமானது. அது கடலில் பிறந்து, குஞ்சாகத் தம்பலகாமக் குடா வழியாக உள்நாட்டு நீருக்கு ஏறிவந்து வளர்ந்து, முதிர்ந்தபின் முட்டையிடக் கடலுக்கே திரும்புவது. ஏற வழி இல்லாத குளத்தில் இருப்பது செத்தால் புதியது வராது. ஆகவே வானின் ஒரு பக்கத்தில் கருங்கற்களை ஒழுங்கற்றுப் பதித்து, கல்லுக்குக் கல் சிறு குழி விட்டு, நீர் தத்தித் தத்தி இறங்கும் மென்சரிவு ஒன்றை அமைத்தோம். கல்லை நேர்த்தியாக அடுக்கத் தெரிந்த மேசனாருக்குக் கோணலாக அடுக்கச் சொல்லி விளக்குவதே பெரும் பாடாயிற்று. கார்த்திகை மழையில் வான் பாய்ந்த இரவு, கெளுத்திகள் குழிக்குக் குழி தங்கி ஏறியதை அங்கு நின்றவர்கள் ரோச் வெளிச்சத்தில் கண்டனர்.

மீன்குஞ்சு விடுவது பற்றியும் ஒரு விளக்கம் தேவை. திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. எமது குளத்திலும் அது நெடுங்காலமாக உண்டு. வரண்ட வலயக் குளங்களின் மீன்பிடித் தொழிலே பெரிதும் அதனால் வளர்ந்தது என்பதால், அதைப் பகையாகப் பேசுவதைக் குழு ஏற்கவில்லை, அகற்றவும் இயலாது. கட்லா, ரோகு போன்ற பெருங்கெண்டைகள் தேங்கிய குளத்து நீரில் இனம் பெருக்குவதில்லை, பிடித்து முடிந்தால் முடிந்தது. எனினும், உள்ளூர் மீன்கள் ஒரு பெரும்போகமாவது நெருக்கடியின்றிக் குஞ்சு பொரிக்கட்டும் என்ற எண்ணத்தால், இம்முறை குஞ்சு விடும் யோசனையைக் குழு ஒத்திவைத்தது. இதில் அங்கத்தவரிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். அடுத்த பொதுக்கூட்டம் மாற்றி முடிவெடுக்கலாம். கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன மீனைக் குளத்தில் விடுவது மட்டும் எக்காலத்திலும் கூடாது. கத்திபோன்ற உடலுடைய சித்தாலா மீனும், கவசம் போர்த்த உறிஞ்சுவாய்க் கெளுத்தியும் இலங்கையின் பல நீர்நிலைகளில் பரவியது அவ்வாறுதான். முன்னது ஊன் தின்னி. பின்னது கரையைத் துளைத்துக் குடியிருப்பது, ஆகவே குளக்கட்டுக்கும் ஆபத்து.

நஞ்சும் வெடியும் வைத்து மீன் பிடிப்பது 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில் நீரியல் வளச் சட்டப்படி குற்றம் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை. அவற்றோடு, தங்கூசி (நைலோன் இழை) வலையை இக்குளத்தில் இறக்குவதில்லை, கற்சரிவிலும் அதன் அடியிலும் கரப்புக் குத்துவதில்லை, மடுவில் வரட்சிக் காலத்தில் எந்த வலையும் போடுவதில்லை என்று கமக்காரர் அமைப்பும் குழுவும் உடன்பட்டுள்ளன. வயலுக்குக் கிருமிநாசினி தெளித்த நாளிலும் மறுநாளிலும் வடிகால் நீரைக் கீழ்ச் சதுப்பிலேயே மறித்து வைக்குமாறு, நீர்ப் பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையாரிடம் கேட்டுள்ளோம். கருவியைக் குளத்தில் கழுவுவதை அவரவரே தவிர்க்க வேண்டும்.

எஞ்சிய வேலைகள் இரண்டு. மேற்கு அலைகரையில் மாடுகள் இறங்கும் இடத்தில் கரை இடிவதால், ஒரே பாதையாக வேலியிட்டுக் கல் பரவ வேண்டும். அத்துடன் படித்துறை விளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் நீரில் விழாதபடி மூடி போட வேண்டும். இவ்விரண்டுக்கும் போதிய பணம் கையிருப்பில் உண்டு, புதிதாகச் சேகரிப்பு இல்லை. வேலிக்கான சிரமதானம் சிறுபோக விதைப்பு முடிந்த பின்னர் நடைபெறும். வீட்டுக்கொருவர் மண்வெட்டியுடன் வருமாறு கேட்டுக்கொள்கிறோம். திகதி கோயில் பலகையில் அறிவிக்கப்படும்.

இங்ஙனம்,
குளத் திருப்பணிக் குழு