தொலைதூர ரசிகர்களும் ரசிகர்களே

ஆசிரியருக்கு வணக்கம்.

மைதானத்துக்கே வராதவர்கள் என்ன ரசிகர்கள் என்று, அயல்நாட்டுக் கால்பந்து கிளப்புகளை நேசிப்பவர்களை இளக்காரமாகப் பேசுவது நியாயமன்று. 2005-இல் இஸ்தான்புலில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் இடைவேளையின்போது இத்தாலியின் ஏசி மிலானிடம் 0-3 எனப் பின்தங்கியிருந்த இங்கிலாந்தின் லிவர்பூல், ஆறே நிமிடங்களில் மூன்று கோல்களையும் திருப்பியடித்து, பின்னர் பெனால்டியில் கோப்பையை வென்றதை, ஆசியாவில் நள்ளிரவு தாண்டியும் நம்பிக்கை இழக்காமல் விழித்திருந்து பார்த்தவர்கள் ஏராளம்.

ஐரோப்பாவின் பெரிய கிளப்புகள் சில தங்களுக்கெனத் தனிப் போட்டித் தொடர் நடத்த 2021 ஏப்ரலில் அறிவித்த சூப்பர் லீக் திட்டத்திலிருந்து இங்கிலாந்தின் ஆறு கிளப்புகளும் இரண்டே நாளில் பின்வாங்க, மைதான வாசலில் திரண்ட உள்ளூர் ரசிகர்களின் எதிர்ப்பு முக்கியக் காரணம். தொலைவில் இருப்பவர்களுக்கு அந்த வாசல் இல்லை. ஜெர்சி விற்க மட்டும் அவர்களைத் தேடும் கிளப்புகள், முடிவெடுக்கும்போதும் அவர்களிடம் முறையாகக் கருத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்