ரீலில் பேக்கிங் சுற்றும் முன்

அன்பு மாப்ள செல்வத்துக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். வைகையில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், பாலத்தில் வேடிக்கை பார்க்கும் கூட்டம் குறையவில்லை. கடலில் மீன் பிடிக்க நீ எட்டாம் நம்பர் பிளை ராடு, அதான் பிளை என்கிற இறகுப் பொய் இரையை வீசும் தூண்டில் கழி, வாங்கிவிட்டாய் என்று படித்ததும் மற்ற ஊர்ச்சேதியெல்லாம் அடுத்த கடிதத்துக்குப் போய்விட்டது.

ஒன்பதடி ராடு நல்ல தேர்வு. மண்டபம் கடற்கரைப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நின்று வீச அது போதும், காற்றையும் சமாளிக்கும். ரீல் விஷயத்தில்தான் அவசரப்படாதே. ஆற்று மீன் பெரும்பாலும் லைன் நீளத்துக்குள் அடங்கிவிடும். பாறை மீன் அப்படியில்லை, ஒரே ஓட்டத்தில் 30 மீட்டர் லைனையும் உருவிக்கொண்டு பேக்கிங்கையும், அதாவது லைனுக்கு அடியில் சுற்றும் மெல்லிய நூலையும், தொட்டுவிடும். அதனால் 20 பவுண்ட் இழுவை தாங்கும் டேக்ரான் நூல் 200 கஜம் ஏற்று. துணியால் பிடித்துக்கொண்டு விறைப்பாகச் சுற்ற வேண்டும். தளர்வாக இருந்தால் மீன் இழுக்கும்போது மேல்சுற்று கீழ்சுற்றுக்குள் புதைந்து நின்றுவிடும், அந்த நொடியே லைன் நுனியில் கட்டும் லீடர் நரம்பு அறும். லைனும் ஏறிய பிறகு ஸ்பூல் விளிம்புக்குக் கீழே 5 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும்.

லைன் வெப்பக்கடலுக்கென்றே செய்த மிதக்கும் வகையாக இருக்கணும். குளிர்நாட்டு லைன் நம் வெயிலில் இளகித் துவண்டு, ராடு வளையத்தில் ஒட்டும்.

லீடருக்கு 40 பவுண்ட் நரம்பு 5 அடி, 30 பவுண்ட் 2 அடி, 20 பவுண்ட் 1 அடி, நுனியில் 16 பவுண்ட் 2 அடி. சீலா திரிகிற இடமென்றால் நுனியில் ஒரு சாண் மெல்லிய கம்பி சேர்த்துக்கொள், அதன் பல்லுக்கு நரம்பு நிற்காது. ஒவ்வொரு முடிச்சையும் எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்கு. வறட்டு இழுப்பில் உரசிச் சூடாகி, நரம்பு சுருண்டு வெளுக்கும். வெளுத்த முடிச்சை விரலால் தடவினாலே சொரசொரவென்று தெரியும். தயங்காமல் வெட்டிவிட்டு மறுபடி கட்டு.

டிராகை, அதாவது லைன் ஓடாமல் ரீல் பிடிக்கும் இறுக்கத்தை, கைக்கணக்கில் வைக்காதே. லீடர் நுனியைக் கொக்கித் தராசில் மாட்டி, ராடை வளைக்காமல் நேராக இழு. இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரீல் நழுவ ஆரம்பிக்கணும். 16 பவுண்ட் நரம்புக்கு நாலில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

மீன் கடித்ததும் ராடைத் தூக்குவதுதான் ஆற்றுப் பழக்கம். கடலில் ராடு நுனி தண்ணீரைப் பார்த்தபடியே இருக்கட்டும், இடக்கையால் லைனை வெடுக்கென்று இழு. தூக்கினால் பிளை மீன் வாயிலிருந்து கழன்று போகும். இழுத்துத் தவறினாலும் அது மீன் முன்னாலேயேதான் கிடக்கும். இந்தப் பழக்கத்தைப் புல்தரையிலேயே கையில் ஏற்று. முள்ளுக்குப் பதில் கம்பளி நூல் கட்டிக்கொள். சிமெண்டுத் தரை மட்டும் வேண்டாம், லைன் தோல் உரிந்துவிடும்.

தண்ணீரில் காலைத் தேய்த்து நட, மணலில் திருக்கை படுத்திருக்கும். தீவுகள் பக்கம் போகாதே, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா.

வீடு திரும்பியதும் ரீலை நல்ல தண்ணீரில் கழுவு. உன் வீட்டு போர் தண்ணீரே உப்புத்தானே, அது உதவாது. குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் உப்பு உள்ளே ஏறும், மெல்ல ஊற்றினால் போதும். நிழலில் காயவைத்து, டிராகை முழுக்கத் தளர்த்தி வை.

பேக்கிங் சுற்ற இரண்டு பேர் இருந்தால் நல்லது. ஞாயிற்றுக்கிழமை ரீலோடு வீட்டுக்கு வா, நான் பிடித்துக்கொள்கிறேன். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாண்டி