உமைக்கு ஆத்தா எழுதுவது

கானாடுகாத்தான்
தை, வெள்ளிக்கிழமை

அன்புள்ள உமைக்கு,

ஆத்தா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பச்சியும் நலம். உன் நலத்துக்கு எழுது. நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதையும் எழுது. போனில் கேட்டால் 'ம்' என்கிறாய். சாப்பிட்டவள் சொல்லும் 'ம்' எது, சாப்பிடாதவள் சொல்லும் 'ம்' எது என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

முகப்பில் பெயர்ந்து கிடந்த ஆத்தங்குடிக் கற்களை மாற்றியாயிற்று. பழைய பூவே வேண்டும் என்று அப்பச்சி ஒற்றைக்காலில் நின்றார். பூ கிடைத்தது, நிறம் சேரவில்லை. இப்போது வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி அந்த நான்கு கற்களைக் காட்டிப் புலம்புகிறார். அவர் காட்டாவிட்டால் யார் கண்ணிலும் படாது.

பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாப் புள்ளியும், ஒரு குடும்பம் விடாமல், வந்துவிட்டார்கள். உனக்கு லீவு இல்லை, சரி. சின்ன வயதில் 21 இழைத் திரி எரிகிற மாவைச் சுடரோடு வாயில் போட வந்தால், அந்தச் சுடரைப் பார்த்துப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வாயை மட்டும் திறப்பாய். இழை எடுத்துக்கொள்ளும்போது அந்த நினைப்புத்தான் வந்தது. அங்கே சிங்கப்பூரில் டேங்க் ரோடு கோயிலுக்காவது போனாயா? போயிருந்தால் ஒருவேளைச் சாப்பாடாவது ஒழுங்காகக் கிடைத்திருக்கும்.

சுற்றி வளைத்தது போதும். உன் கதையைப் படித்துவிட்டேன்.

நீ அனுப்பவில்லை. சிகப்பி ஆச்சியின் மருமகள் வாட்ஸ்அப்பில் அனுப்பி, "உமை எழுதியதைப் படித்தீர்களா" என்று கேட்டாள். அப்போதே படித்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். பெற்றவளுக்குத் தெரியாமல் ஊருக்குத் தெரிந்திருக்கிறது என்று அவளிடம் காட்டிக்கொள்ள முடியுமா? பிறகு கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டு பட்டாலையில் உட்கார்ந்தேன். முதல் தரம் நான் எங்கே வருகிறேன் என்று தேடியதில் கதையே மனதில் ஏறவில்லை. இன்னொரு தரம் படிக்க வேண்டியிருந்தது.

நன்றாக எழுதியிருக்கிறாய். அந்தத் தையற்கடை இடம் ஒன்று போதும். அளவெடுக்கிற பெண் எண்ணைச் சொல்லக் கூசி முணுமுணுக்கிறாள். உன் கதாநாயகி, "நாற்பத்தாறு, சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள்" என்கிறாள். எனக்கு வியர்த்துவிட்டது. நாற்பது வருடமாக நான் தையற்கடைக்கு அளவு ரவிக்கையைத்தான் கொடுத்தனுப்புகிறேன். என் மேல் ஒரு டேப்பை வைக்க விட்டதில்லை. இது உனக்குத் தெரியும் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

மறுநாள் இரண்டாங்கட்டுப் பெட்டியைத் திறந்தேன். வாரப் பத்திரிகைகளிலிருந்து நான் பிரித்தெடுத்து நூல் கோத்து வைத்த தொடர்கதைகள், 11 கட்டுகள். கரப்பான் அரித்தது போக மிச்சம் இருந்ததை மூன்று மத்தியானம் புரட்டினேன். பருமனான பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள், உமை. ஒருத்தி நாற்காலியை உடைக்கிறாள். ஒருத்தி பஸ் வாசலில் சிக்கிக்கொண்டு கண்டக்டரிடம் ஏச்சு வாங்குகிறாள். மற்றபடி விடுதி வார்டன், வாடகை கேட்கும் வீட்டுக்காரி, கதாநாயகிக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற தோழி. பாதிப் பேருக்குப் பெயரே கிடையாது, குண்டு மாமி என்பதோடு சரி. ஒரே ஒரு கதையில்தான் கதாநாயகியே அப்படி. அவளும் கடைசியில் டைபாய்டு வந்து கிடந்து இளைத்துவிடுகிறாள், அதன் பிறகுதான் அவன் திரும்பிப் பார்க்கிறான். நோய் வந்து துரும்பானதை ஒரு நல்ல காரியமாக எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்போது 18 வயது. அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, 'அருமை' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

உன் கதையிலும் அவள் கடைசியில் இளைப்பாள் என்றே காத்திருந்தேன். நீயோ அவளை இரண்டாம் தரம் சோறு வாங்கிக் குழம்பு ஊற்றிப் பிசைந்து சாப்பிட வைத்து முடித்துவிட்டாய். யாரும் அவளைக் கட்டிக்கொள்ள வரவும் இல்லை. அது எனக்குக் கொஞ்சம் குறையாக இருந்தது. அப்பச்சிக்கு இல்லை. "பசித்தது, சாப்பிட்டாள், வேறென்ன வேண்டும்" என்றார்.

அப்பச்சிக்கு நீ கம்பன் விழாவில் கேட்டது ஞாபகம் வந்துவிட்டது. 1939இல் விழா தொடங்கியதிலிருந்து நம் வீட்டுத் தலை ஒன்றாவது அந்தக் கூட்டத்தில் இருந்திருக்கும் என்று பெருமை பேசுவாரே, அப்படிப் போன ஒரு வருடம். உனக்குப் பதினைந்து வயது. 'பொய்யோ எனும் இடையாள்' என்ற இடத்தைப் பேசியவர் இழுத்து இழுத்துச் சொல்ல, மண்டபம் முழுக்கக் கைதட்டல். நீ என் காதருகே குனிந்து, "இடுப்பு மெய்யாகவே இருக்கிறவர்களுக்குப் பாட்டு கிடையாதா ஆத்தா?" என்றாய். தொடையில் கிள்ளினேன். கம்பனைக் கேலி செய்கிறாயே என்று கிள்ளியதாக அன்று சொல்லிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி உன் இடுப்பைப் பார்த்துவிடப் போகிறார்களே என்பதுதான் உள்ளே இருந்தது.

உன் உடம்பு அப்பத்தா உடம்பு. முகப்பில் மாட்டியிருக்கும் படத்தைப் பார். கண்டாங்கிச் சேலையில், நாற்காலி கொள்ளாமல், இடுப்பில் சாவிக் கொத்தோடு. அப்பச்சியைப் பெற்ற ஐயா ரங்கூனில் இருந்த வருடங்கள், 1964இல் பர்மா அரசாங்கம் கடைகளை எடுத்துக்கொண்டு அவர் வெறுங்கையோடு வந்து இறங்கும் வரை, இந்த வீட்டையும் வரவு செலவையும் அந்த உடம்புதான் சுமந்தது. அப்பத்தாவை ஒருவரும் குண்டு என்று சொன்னதில்லை. "ஆச்சிக்கு என்ன ஆகிருதி" என்பார்கள். சாவி இருக்கிற இடுப்புக்கு மரியாதை தனி. நான் அவரிடம் பட்டது உனக்குத் தெரியும், அதை எழுதப் போவதில்லை. ஆனால் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அந்தத் தோளும் அந்தக் கையும் உனக்கு வந்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. என் வயிற்றில் பிறந்து அவர் சாயலில் வளர்கிறாளே என்று. நான் குறைக்கப் பார்த்தது உன்னை மட்டும் அல்ல என்று இப்போது தோன்றுகிறது.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன். தேவகோட்டையிலிருந்து பெண் பார்க்க வந்த அன்று உனக்குக் கருநீலப் பட்டைக் கட்டிவிட்டேன். "தேக்குத் தூணை ஒட்டி நில், பாதி மறையும்" என்றேன். அதை அப்படியே எழுதியிருக்கிறாய், எழுத வேண்டியதுதான். பிறகு வளவில் வைத்து, "கொஞ்சம் பூசின உடம்பு, ஆறு மாதத்தில் இளைத்துவிடுவாள், அதற்கு நான் பொறுப்பு" என்ற பேச்சு. கதையில் அதைச் சொல்கிறவள் பெரியத்தா.

பெரியத்தா சொல்லவில்லை, உமை. நான்தான் சொன்னேன். கதவுக்குப் பின்னால் இருந்தாய், உனக்கு நன்றாகத் தெரியும். ஏன் அவள் வாயில் வைத்தாய்? அவளிடம் யாராவது கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? கடையில் சாமானுக்குப் பொறுப்பு ஏற்கிற மாதிரி பிள்ளைக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டவள் நான். என்னைத் திட்டி எழுதியிருந்தால் நான்கு நாள் கோபித்துக்கொண்டு இருந்திருப்பேன். நீ என்னைக் காப்பாற்றி எழுதியிருக்கிறாய். அதுதான் தூங்க விடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வந்தாயே, கழுத்தெலும்பு இரண்டும் தெரிந்தது. கையைத் தூக்கித் தலையை ஒதுக்கியபோது காப்பு முழங்கை வரை வழுக்கிப் போனது. சிகப்பி ஆச்சி எட்டிப் பார்த்து, "இளைத்து எவ்வளவு லட்சணமாகிவிட்டாள்" என்றாள். ஒரு கணம் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ராத்திரிதான் பயம் வந்தது. கதையில் வருகிறவளை வயிறார உட்காரவைத்துவிட்டு எழுதியவள் பட்டினி கிடக்கிறாளோ? மருந்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா? சர்க்கரை, முட்டுவலி என்றால் அது வேறு, டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நான் சொன்ன ஆறு மாதத்தை நீ இப்போது நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாயோ என்றுதான் கேட்கிறேன். அந்த வீட்டுக்காரர்கள் எல்லாம் எப்போதோ வேறு பெண் எடுத்துப் பேரன் பேத்தி பார்த்துவிட்டார்கள். நேரத்துக்குச் சாப்பிடு.

டைபாய்டுக் கதைக் கட்டுக்குள் ஓர் அட்டை இருந்தது. எழும்பூர் ஸ்டேஷனில் காசு போட்டு எடை பார்க்கிற மெஷினில் சின்ன வயதில் நீ ஏறியபோது வந்ததே, அது. நான் பக்கத்துக்கு அடையாளமாகச் செருகியிருக்கிறேன். ஒரு பக்கம் சினிமா நடிகை, மறுபக்கம் 63 கிலோ என்றும், கீழே 'உங்கள் பொறுமைக்குப் பலன் கிட்டும்' என்றும். எண்ணைப் பார்த்ததும் வெடுக்கென்று பிடுங்கிப் பர்சில் போட்டுக்கொண்டேன், ரயிலில் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று. ஊருக்கு வந்ததும் எல்லோரிடமும் நானே சொன்னேன். நீ செங்கல்பட்டு வரை அழுதாய். எடைக்காக அழுகிறாய் என்றே நினைத்திருந்தேன். இப்போது திருப்பிப் பார்க்கும்போதுதான் உறைக்கிறது, நீ "படம், படம்" என்றல்லவா அழுதாய்.

அட்டையை இத்துடன் வைத்திருக்கிறேன். நடிகையின் முகம் ஓரத்தில் கொஞ்சம் பூச்சி அரித்திருக்கிறது.

மேல வீட்டுப் பையன் வியாழக்கிழமை திருச்சியிலிருந்து விமானம் ஏறுகிறான். அவனிடம் தேன்குழல் ஒரு டப்பா, மாவுருண்டை ஒரு டப்பா கொடுத்தனுப்புகிறேன். மாவுருண்டைக்கு நெய் குறைக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிடாதே. பெரியத்தாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் செய். 'ம்' வேண்டாம், என்ன குழம்பு என்று சொல்.

ஆத்தா