2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: "முதலில் செலவழியுங்கள், பிறகு தருகிறோம்"

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, உணவுப்பொருள் செய்து ஏற்றுமதி செய்யும் எமது சங்கத்தின் அங்கத்தவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஆண்டு இதே மண்டபத்தில் நான் வாசித்த அறிக்கை பதினொரு பக்கம். ஏழாம் பக்கத்தில் மின்சாரம் நின்றது. அது திரும்பி வந்தபோது கதிரைகளில் பாதி வெறுமையாக இருந்தன. ஆகவே இம்முறை சடங்கான விவரங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். செயற்குழு ஒன்பது தடவை கூடியது. இரண்டு கூட்டங்கள் நிறைவெண் இல்லாமல் ஒத்திவைக்கப்பட்டன. இரண்டும் கோயில் திருவிழா நாட்கள். திகதி குறித்தவன் நான், பிழை என்னுடையது. புதிதாக ஐந்து பேர் சேர்ந்தனர். மூவர் விலகினர். அவர்களில் இருவர் தொழிலை மட்டுமல்ல, நாட்டையே விட்டுப் போய்விட்டனர்.

மிளகாய்த்தூள், மோர்மிளகாய், வடகம், நல்லெண்ணெய், எள்ளுருண்டை, ஒடியல் மா, பனங்கட்டி, முருங்கையிலைத் தூள்: எமது அங்கத்தவர்கள் செய்து அனுப்புபவை இவை. 2024இல் இலங்கையின் பண்ட ஏற்றுமதி ஏறத்தாழ 1,280 கோடி டொலர். அதில் ஆடையும் துணியும் 500 கோடியளவு, தேயிலை 140 கோடியளவு. எங்கள் மோர்மிளகாயை அந்தக் கணக்கில் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். ஆனால் ஆடைத் தொழிற்சாலையை மனத்தில் வைத்து எழுதப்படும் கொள்கை எங்கள் அடுப்படிக்கும் வந்து சேர்கிறது. இந்த ஆண்டு அது எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் அமெரிக்காவின் இறக்குமதித் தீர்வை. ஏப்ரல் 2ஆம் திகதி இலங்கைப் பொருட்களுக்கு 44 வீதம் என்று அறிவித்தார்கள். ஒரு வாரத்தில் அதைத் தொண்ணூறு நாட்களுக்கு நிறுத்திவைத்து 10 வீதம் என்றார்கள். யூலையில் 30 வீதம் என்று கடிதம் வந்தது. முடிவில் ஓகஸ்ட் 7 முதல் 20 வீதம் அறவிட்டார்கள். கொழும்பிலிருந்து தூதுக்குழு வாஷிங்டனுக்குப் போய்ப் பேசியது. அது போகத்தான் வேண்டும், ஆடைத் தொழிலுக்கு அமெரிக்கா உயிர்நாடி. எமது அங்கத்தவரான அக்கா ஒருவர் அங்குள்ள ஒரு தமிழ்க் கடைக்கு எள்ளுருண்டையும் நல்லெண்ணெயும் அனுப்புகிறார். அவருக்காக வாஷிங்டனில் பேச யாரும் இல்லை. கடைக்காரர் தீர்வையில் பாதியை விலையில் குறைக்கச் சொன்னார். அக்காவும் குறைத்தார்.

அவரை உண்மையில் நிறுத்தியது தீர்வை அல்ல, எள். அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் ஒவ்வாமை உணவுகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பொதியில் அது ஆங்கிலத்தில் தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். எள்ளுருண்டையில் எள் இருக்கிறது என்று எழுதவும் வேண்டுமா என்று நாங்கள் சிரித்தோம். தீர்வை வந்த பிறகு அங்குள்ள இறக்குமதி முகவர் ஒவ்வொரு பெட்டியின் கடதாசியையும் உருட்டிப் பார்க்கத் தொடங்கியதால்தான் விடயம் வெளியே வந்தது. தமிழில் மட்டும் அச்சடித்த இரண்டாயிரம் லேபல்கள் வீண். அந்தச் சட்டம் நிறைவேறியது 2021இல். எங்களுக்கு எவரும் சொல்லவில்லை என்று முறையிடலாம். செயலாளராகிய எனக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும்.

அடுத்தது வற் எனப்படும் பெறுமதி சேர் வரி. ஏற்றுமதியாளர் உள்நாட்டில் வாங்கும் மூலப்பொருளுக்கு வரியைக் காசாகக் கட்டாமல், கடன் சீட்டின் மூலம் ஈடுசெய்யும் எளிமைப்படுத்தப்பட்ட முறை ஒன்று 2011 முதல் இருந்தது. அது ஒக்டோபர் 1ஆம் திகதியுடன் முடிந்தது. ஏப்ரலில் முடிவதாக இருந்து ஆறு மாதம் தள்ளிப்போனது. இனி 18 வீதத்தையும் முதலில் கட்டிவிட்டுப் பிறகு மீளப்பெற வேண்டும். சர்வதேச நாணய நிதியத்துடனான நிகழ்ச்சித்திட்டத்தின் ஒரு பகுதி இது. பழைய முறையில் மோசடிக்கு இடம் இருந்தது என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. பெரிய நிறுவனங்கள் தங்கள் மூலதனம் முடங்கிவிடும் என்று கூக்குரல் இட்டன, பத்திரிகைகள் எழுதின, மீளளிப்பு விரைவாக நடக்கும் என்று உறுதிமொழி கிடைத்தது.

எங்களில் பலருக்கு இந்தச் சண்டையே அந்நியமானது. 2025இல் ஆண்டு விற்பனை 6 கோடி ரூபாவைத் தாண்டாதவர் வற் வரிக்குப் பதிய வேண்டிய கட்டாயம் இருக்கவில்லை. பதியாதவருக்கு மீளளிப்பும் இல்லை. அவர் வாங்கும் போத்தலிலும் மட்டைப்பெட்டியிலும் லேபலிலும் அந்த 18 வீதம் இருக்கிறது, அது திரும்பி வருவதே இல்லை. ஏற்றுமதிக்கு வரி பூச்சியம் என்று மேடையில் சொல்லப்படுவது பதிந்தவருக்குத்தான். விரும்பிப் பதியலாமே என்று கேட்பீர்கள். மார்ச் கூட்டத்தில் கணக்காளர் ஒருவரை அழைத்து விளக்கம் கேட்டோம். காலத்துக்குக் காலம் வரி விபரத்திரட்டு நிரப்ப ஆள் வைத்தால் அவருக்குக் கொடுக்கும் கூலி, மீளப்பெறும் வரியைவிடக் கூடுதலாக வரும் என்பது கரும்பலகையில் போட்ட கணக்கிலேயே தெரிந்தது. இருவர் மட்டும் பதிந்தார்கள்.

கண்காட்சிகள். ஜனவரியில் முற்றவெளியில் நடந்த யாழ்ப்பாண சர்வதேச வர்த்தகக் கண்காட்சியில் நாங்களும் கூடம் போட்டோம். மூன்று நாளும் நல்ல விற்பனை. வாங்கியவர்கள் மானிப்பாயிலிருந்தும் உரும்பிராயிலிருந்தும் வந்திருந்தார்கள். வெளிநாட்டுக் கண்காட்சி ஒன்றுக்கு அரச உதவித் திட்டம் ஒன்றின் கீழ் இரு அங்கத்தவர்கள் தெரிவாகினர். கண்காட்சிக் கூடத்தின் வாடகையில் பாதி கிடைக்கும், பற்றுச்சீட்டுகளைச் சமர்ப்பித்த பிறகு. ஒருவர் வங்கியில் நகை அடகு வைத்துப் போய்வந்தார். மற்றவரிடம் அடகு வைக்க நகை இல்லை, ஆகவே போகவில்லை. உதவியில் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனென்றால் போனவருக்குப் பணம் வந்தது. ஐந்து மாதத்தில் வந்தது. அந்த ஐந்து மாத வட்டியை எந்தத் திட்டத்திலும் சேர்க்க முடியாது.

எங்கள் கூட்டங்களுக்கு வரும் பிரதம விருந்தினர்கள் தவறாமல் சிங்கப்பூரை இழுப்பார்கள். சென்ற மாதமும் இழுத்தார்கள். வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்தேன். அங்கு 2018இல் இரண்டு நிறுவனங்களை இணைத்து உருவாக்கிய 'எண்டர்பிரைஸ் சிங்கப்பூர்' என்ற அரச அமைப்பு, புதிய சந்தைக்குப் போகும் சிறு நிறுவனத்தின் செலவில் ஒரு பங்கை ஏற்கிறது. அங்கும் செலவழித்த பிறகுதான் தருகிறார்கள். வித்தியாசம், அங்கு அந்த இடைவெளியைக் கடக்க வங்கி கடன் கொடுக்கும். இங்கு வங்கி காணி உறுதி கேட்கும், உறுதி பெரியப்பாவின் பெயரில் இருக்கும், பெரியப்பா கனடாவில் இருப்பார்.

இனி, நீங்கள் எல்லோரும் காத்திருக்கும் கொள்கலன் விவகாரம். நான் சொல்லாவிட்டால் தேநீர் வேளையில் வேறு விதமாகச் சொல்லப்படும்.

ஆளுக்கு இருபது, முப்பது பெட்டி என்று தனித்தனியே அனுப்பும்போது கூலி பொருளின் விலையை விழுங்கிவிடுகிறது. ஆறு அங்கத்தவர்கள் சேர்ந்து இருபது அடிக் கொள்கலன் ஒன்றை இலண்டனுக்கு அனுப்புவது என்று மே மாதம் தீர்மானித்தோம். சங்கத்தின் வரலாற்றில் இது முதல் தடவை. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு லொறியில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். காங்கேசன்துறைத் துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பலும் ஓடுகிறது, ஆனால் எங்கள் கொள்கலனுக்கு அது வழி அல்ல. சரக்கு கொழும்பு போய்ச் சேர்ந்த அன்று, ஒருவருடைய மிளகாய்த்தூளுக்கு அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சண நச்சுக்கான பரிசோதனை அறிக்கை இல்லை என்று முகவர் ஏற்ற மறுத்துவிட்டார். ஐரோப்பாவில் மிளகாய்த்தூளுக்கு மொத்த அஃப்லாடொக்சின் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் வரைதான். பிரித்தானியக் கொள்வனவாளரும் அதே அளவையே கேட்டிருந்தார். அது ஒப்பந்தக் கடதாசியில் எழுதியிருந்தது. ஆறு பேரில் நான்கு பேர் அந்தக் கடதாசியை வாசிக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது.

ஐந்து பேருடைய பொருள் ஒருவருடைய தூளுக்காகப் பதினாறு நாள் கிடந்தது. களஞ்சிய வாடகை ஏறியது. மாதிரியைக் கொழும்பிலுள்ள பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, முடிவு வந்து, ஏற்றி முடித்தோம். முடிவு நல்லதாகவே வந்தது, தூள் சுத்தமானது. அறிக்கைதான் இருக்கவில்லை. அந்த அங்கத்தவர் பரிசோதனையை ஏன் முன்பே செய்யவில்லை? காசில்லாமல்தான். விற்ற காசு வந்ததும் செய்வோம் என்று இருந்துவிட்டார். அவரைத் திட்டியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். நானும் திட்டினேன். ஆனால் பிறகு தருகிறோம் என்ற சொல்லை அரசாங்கத்திடமிருந்து கேட்டுக் கேட்டு, நாங்களும் பிறகு செய்வோம் என்று பழகிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இதன் விளைவாகத்தான் சுழல்நிதி பிறந்தது. அங்கத்தவருக்குப் பத்தாயிரம் ரூபா வீதம் சேர்த்து, பரிசோதனைக் கட்டணத்துக்கும் லேபலுக்கும் மட்டும் வட்டியில்லாமல் கொடுக்கிறோம். சரக்கின் பணம் வந்து பதினான்கு நாளில் திருப்ப வேண்டும். இதுவரை பதினொரு பேர் பெற்றார்கள். எட்டுப் பேர் திருப்பிவிட்டார்கள். மற்ற மூவரின் பெயரை இங்கு வாசிக்க மாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

வராத பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அங்கத்தவர் ஒருவர் வெளிநாட்டில் உள்ள ஒன்றுவிட்ட சகோதரரின் கடைக்கு மூன்று தடவை சரக்கு அனுப்பினார். ஒப்பந்தம் இல்லை, முற்பணம் இல்லை, உறவு மட்டும் இருந்தது. கடை மூடப்பட்டது. எங்கள் நாட்டில் 1978ஆம் ஆண்டிலிருந்தே ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் இருக்கிறது. வாங்குபவர் பணம் தராமல் போகும் அபாயத்துக்குக் காப்புறுதி கொடுப்பதே அதன் வேலை. அதை எங்களில் ஒருவர்கூடப் பயன்படுத்தியதில்லை. சொந்தக்காரனிடம் எப்படி எழுத்தில் கேட்பது என்பதுதான் தடை. இந்த இடத்தில் அரசாங்கத்தைக் குறை சொல்ல வழியே இல்லை.

ஆண்டின் மிகப் பயனுள்ள மூன்று மணி நேரம் ஓகஸ்ட் மாதப் பயிற்சி. வந்திருந்த அரச அதிகாரி உரை எதுவும் நிகழ்த்தவில்லை. நேரே படிவத்தைக் கையில் தந்தார். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் என்ற தீர்வைச் சலுகையை 2010இல் இழந்து 2017இல் மீண்டும் பெற்றோம் என்பது எல்லோருக்கும் தெரியும். அது 27 சர்வதேச உடன்படிக்கைகளோடு கட்டப்பட்டது என்பதும் செய்தியில் வரும். 6,000 யூரோவுக்கு மேற்படாத சரக்குக்கு எந்த ஏற்றுமதியாளரும் முன்பதிவு இல்லாமலே தமது விலைப்பட்டியலில், பொருள் எந்த நாட்டில் உருவானது என்ற தோற்றக் கூற்றை எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் எங்களுக்குத் தெரியாதிருந்தது. எங்கள் அங்கத்தவர் ஒருவரின் ஒரு தடவைச் சரக்கு அந்த எல்லையைத் தொடுவது அபூர்வம். இத்தனை ஆண்டுகள் அந்தச் சலுகை ஆடைக்காரருக்கு என்றே நினைத்திருந்தோம். அந்த அதிகாரிக்கு நாங்கள் கொடுத்தது ஒரு போத்தல் நல்லெண்ணெய். அதையும் அவர் காசு கொடுத்தே வாங்கினார்.

எங்கள் மிகப் பெரிய ஏற்றுமதியாளர் இன்னமும் சூட்கேஸ்தான். ஊருக்கு வந்து போகும் உறவினரின் முப்பது கிலோவில் மிளகாய்த்தூள் போகிறது. தூள் போகலாம். முருங்கைக்காய் போக முடியாது: 2019 டிசம்பர் 14 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோகும் பழம், மரக்கறிக்கும் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், டூரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. வாடிக்கையாளரிடம் இதைச் சொல்லி அனுப்புங்கள். விமான நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குப் போகும் முருங்கைக்காய் எங்கள் தோட்டத்துடையது.

நவம்பர் இறுதியில் டித்வா புயல். வெள்ளத்தில் வீதிகள் மூடப்பட்ட நாட்களில் சரக்கைப் பற்றிப் பேச எவருக்கும் மனம் இருக்கவில்லை. சங்கம் திரட்டிய உலர் உணவு வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் போனது. டிசம்பர் கூட்டம் நடக்கவில்லை.

வரும் ஆண்டுக்கு செயற்குழு முன்வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. உதவித் தொகையில் பாதியையேனும் தெரிவான அன்றே கொடுக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்கிறோம். கொள்வனவாளர் ஏற்கும் பரிசோதனைக்கூட வசதி வடக்கிலேயே வேண்டும் என்பது மற்றது. மானியம் கூட்டித் தாருங்கள் என்று கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது குறித்துச் செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது. கூட்டிக் கேட்க வேண்டும் என்றவர்கள் தோற்றார்கள், ஆனால் சிறிய வித்தியாசத்தில்.

தலைவருக்கும், மண்டபம் தந்த நிர்வாகத்துக்கும், களஞ்சிய வாடகையில் சண்டை பிடித்து ஒரு பகுதியைக் குறைத்துத் தந்த எமது உப செயலாளருக்கும் நன்றி. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். தேநீருடன் வைத்திருக்கும் எள்ளுருண்டை, அந்த இரண்டாயிரம் பழைய லேபல்களில் எஞ்சியதை ஒட்டி வந்தது. எள்ளு ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்தில் இருக்கும் பயத்தம்பணியாரத்தை எடுத்துக்கொள்ளவும்.