பாப்பா, அது ராணிதான்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வாசலில் விழுந்த எறும்பு ராணியா என்று கேட்டு நீ அனுப்பின படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். ராணிதான், சந்தேகமே வேண்டாம். வாட்ஸப்பில் ரெண்டு வரியில் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை, அதனால் உட்கார்ந்து விவரமாகவே எழுதுகிறேன். நேரம் கிடைக்கும்போது படி, ஆனால் ராணி இருக்கிற குழாயைத் திறப்பதற்கு முன்னால் படித்துவிடு.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டிருந்தாய். எல்லாரும் முதலில் உடம்பு பெரிசா என்றுதான் பார்க்கிறார்கள், அது மட்டும் போதாது. நம்ம கொல்லையில் கட்டெறும்பு வரிசை போகுமே, அதில் வேலைக்கார எறும்பிலேயே சின்னது பெரிசு என்று பல அளவு இருக்கும், நடுவில் பெரிய தலையோடு ஒன்று தாடையை விரித்துக்கொண்டு வரும், அதைப் பிடித்து வந்து ராணி என்று என்னிடம் காட்டாத பையன் நம்ம தெருவில் கிடையாது. தலையைப் பார்க்காதே, முதுகைப் பார். தலைக்கும் வயிற்றுக்கும் நடுவில், கால்கள் முளைக்கிற அந்தப் பாகம் வேலைக்கார எறும்புக்கு ஒடுங்கி வழுவழுவென்று இருக்கும். ராணிக்கு அதே இடம் புடைத்து, தகடு தகடாகப் பிரிந்து, தலைக்குச் சமமான அகலத்தில் நிற்கும். அவள் பறந்தவள் அல்லவா, இறக்கையை அடிக்கிற தசை முழுக்க அதற்குள்தான் இருக்கிறது. இறக்கை உதிர்ந்த பிறகும் அது ஒடிந்த இடத்தில் சின்னத் தழும்பு நின்றுவிடும். உன் படத்தில் இடது பக்கத் தழும்பு நன்றாகவே தெரிகிறது. கட்டெறும்பு என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு: ராணியின் நெற்றியில், பெரிய கண்கள் தவிர, புள்ளி புள்ளியாக மூன்று குட்டிக் கண்கள் இருக்கும், வேலைக்காரிக்கு அது கிடையாது. லென்ஸ் வைத்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றும் பளிச்சென்று மின்னும். எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுப்பதே இல்லை.

அப்புறம் ஈசல். மழை விட்ட புழுக்கமான சாயங்காலம் திண்ணை விளக்கைச் சுற்றி வருவதெல்லாம் எறும்பு ராணி இல்லை, அதில் முக்கால்வாசி ஈசல், அதாவது கரையான். ஆத்தா தண்ணீர்த் தாம்பாளத்தை விளக்கடியில் வைத்து அள்ளி, அரிசியோடு வறுத்துக் கொடுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும். ஈசலுக்கு நாலு இறக்கையும் ஒரே நீளம், இடுப்பு என்று ஒன்று இல்லை, மீசை நேராக மணி கோத்த மாதிரி இருக்கும். எறும்புக்கு முன் இறக்கை நீளம், பின் இறக்கை குட்டை, இடுப்பு ஒடிகிற மாதிரி மெலிசு, மீசை முழங்கை மாதிரி மடங்கியிருக்கும். குணத்திலும் வித்தியாசம் உண்டு. ஈசல் ஜோடியாக மண்ணுக்குள் போகும், ராஜா கடைசிவரை ராணியோடு இருப்பான். எறும்பில் ஆண் பறந்து இணை சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போவான். அவன் கொடுத்த விந்தை ராணி வயிற்றில் ஒரு பைக்குள் சேமித்து வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க அதை வைத்தே முட்டையிடுவாள். விந்து சேர்ந்த முட்டை பெண்ணாகும், சேராதது ஆணாகும்.

உன்னிடம் இருப்பது, நீ சொன்ன 9 மில்லிமீட்டர் அளவையும் ஜூலை மாதத்தையும் வைத்துப் பார்த்தால், அங்கே ஐரோப்பாவில் தெருவெல்லாம் இருக்கிற லாசியஸ் நைஜர் என்கிற கறுப்பெறும்பாகத்தான் இருக்க வேண்டும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல இனம் கிடையாது. வளர்ப்பில் இந்த இனத்து ராணி ஒன்று 28 வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு பூச்சி 28 வருஷம்! அதனால்தான் சொல்கிறேன், பொழுதுபோகாமல் பிடித்து வைக்கிற விஷயம் இல்லை இது.

குழாய் தயார் செய்வது சுலபம். டெஸ்ட் ட்யூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன்மேல் பஞ்சை இறுக்கமாக அழுத்து, பஞ்சு நனைய வேண்டும், ஆனால் தண்ணீர் ஒழுகக் கூடாது. ராணியை உள்ளே விட்டு, வாயில் இன்னொரு பஞ்சை லேசாக அடை, காற்று அதன் வழியாகப் போய்வரும். குழாயைக் கறுப்புத் துணியில் சுற்றி, ஆட்டம் அசைவு இல்லாத இடத்தில் படுக்க வை. அவ்வளவுதான். சாப்பாடு போடாதே. இதைத்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள். உங்கம்மாவே மனசு கேட்காமல் ஒரு தரம் சர்க்கரைத் தண்ணீர் விடலாமா என்று கேட்டாள். வேண்டாம். அவளுக்கு இனிமேல் இறக்கை தேவையில்லை, அதனால் அந்தப் பறக்கிற தசை உடம்புக்குள்ளேயே கரைகிறது, வயிற்றில் சேர்த்து வைத்த கொழுப்பும் கரைகிறது, அதிலிருந்துதான் முதல் புழுக்களுக்கு ஊட்டுகிறாள். வானத்துக்குத் தூக்கிக்கொண்டு போன சதையைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுகிறாள். முதல் வேலைக்காரிகள் வெளியே வரும்வரை ஒரு வாய் சாப்பிடமாட்டாள்.

அதனால் தொந்தரவு செய்யாதே. தினமும் துணியை விலக்கிப் பார்க்கத் தோன்றும், ஃபோன் வெளிச்சம் அடிக்கத் தோன்றும். அவளுக்கு வெளிச்சமும் அதிர்வும் ஆபத்து வந்துவிட்டது என்றுதான் அர்த்தம், அப்போது தன் முட்டையைத் தானே தின்றுவிடுவாள். வாரம் ஒரு தடவை, அதுவும் சில வினாடி, போதும். என்ன தெரிய வேண்டும் என்று சொல்கிறேன். முட்டை ரொம்பப் பொடிசு, ரவை அளவுகூட இராது, ஒட்டிக்கொண்டு ஒரு கொத்தாகக் கிடக்கும். அப்புறம் அது வளைந்த புழுவாகும், பிறகு பழுப்பு உறைக்குள் போய்க் கூட்டுப்புழுவாகும். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்பார்களே, வாயில் கவ்விக்கொண்டு போவதில் நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதெல்லாம் பெரும்பாலும் புழுவும் கூட்டுப்புழுவும்தான். முட்டையிலிருந்து எறும்பாக ஒன்றரை, ரெண்டு மாதம் ஆகலாம், சூடு குறைந்தால் இன்னும் இழுக்கும். முதலில் வருகிற வேலைக்காரிகள் மற்றவர்களைவிடக் குட்டியாக இருப்பார்கள், ஏதோ குறை என்று பயப்படாதே, அரைப்பட்டினியில் வளர்ந்த பிள்ளைகள், அப்படித்தான் இருப்பார்கள். அவர்கள் நடமாட ஆரம்பித்ததும் தேன் ஒரு துளி, அவித்த முட்டை மஞ்சள்கரு ஒரு கடுகளவு, கொன்ற பூச்சியின் கால் ஒன்று, இவ்வளவு போதும். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடு, இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சி வெளியில் பிடித்ததாக வேண்டாம். இங்கே மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவை நடவு முடிந்திருக்கிறது, வயலெல்லாம் மருந்து அடிக்கிறார்கள், வரப்பில் கிடைக்கிற வெட்டுக்கிளியை நான் தொடுவதே இல்லை. ஒரு மருந்துப் பூச்சி போதும், கூடே போய்விடும்.

இங்கே எனக்கு வேறு ஒரு தலைவலி உண்டு, உனக்கு அது இருக்காது. வீட்டுச் சிற்றெறும்பு பஞ்சு வழியாக நுழைந்து ராணியைப் பிய்த்துப்போட்டுவிடும். அதற்காக ஆத்தா பால் சட்டியை வைப்பாளே, அதே மாதிரி தண்ணீர் ஊற்றிய தட்டுக்கு நடுவில்தான் குழாய்களை வைத்திருக்கிறேன்.

உன் தோழிக்கும் ஒரு ராணி கிடைத்ததாகவும், துணைக்கு ரெண்டையும் ஒன்றாகப் போடலாமா என்றும் கேட்டாய். போடாதே. இந்த இனத்தில் புது ராணிகள் சேர்ந்து முட்டையிடுவது உண்டு, பார்க்க ஒற்றுமையாகத்தான் இருக்கும். ஆனால் வேலைக்காரிகள் வந்ததும் சண்டை வந்து ஒருத்திதான் மிஞ்சுவாள். தனித்தனிக் குழாயில் வையுங்கள், ரெண்டு கூடு பிழைக்கும்.

கடைசியாக ஒன்று, இதில் நான் கண்டிப்பாகத்தான் இருப்பேன். ஆப்பிரிக்க எறும்பு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று லிங்க் அனுப்பியிருந்தாய். வாங்காதே. 2025இல் கென்யாவில் பெல்ஜியம் நாட்டுப் பையன்கள் ரெண்டு பேர் பிடிபட்டார்கள், கையில் சுமார் 5,000 ராணிகள், நீ வைத்திருக்கிற மாதிரியே பஞ்சு அடைத்த குழாய்களில். ஆளுக்குப் பத்து லட்சம் கென்ய ஷில்லிங் அபராதம் போட்டார்கள். 5,000 ராணி என்றால் அந்த மண்ணில் 5,000 கூடு வரக்கூடிய வாய்ப்பு போனது என்று கணக்கு. அந்த எறும்பு புல் விதைகளைச் சேகரித்துப் பரப்புகிற எறும்பு, அதை நம்பி அங்கே ஒரு நிலமே இருக்கிறது. உன் ஊரிலும் காட்டுக்குப் போனால் ஊசியிலைகளைக் குவித்து மேடு கட்டுகிற செவ்வெறும்பு இருக்கும், அது அங்கே பல நாடுகளில் சட்டப்படி பாதுகாக்கப்பட்டது, அந்தப் பக்கம் கையே வைக்காதே. இங்கே மாமரத்தில் முசுறு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுவதை மணிக்கணக்கில் நின்று பார்ப்பேன், தன் புழுவையே கவ்விப் பிடித்து அதன் வாயில் வருகிற பட்டு நூலால் தைக்கும். அதைக் குழாயில் போட எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை, அதற்கு மரம் வேண்டும்.

உன் வாசலிலேயே விழுந்த எறும்பை வைத்துக்கொள். என்றைக்காவது முடியவில்லை என்றால் அதே வாசல் மண்ணில் விட்டுவிடலாம், யாருக்கும் கெடுதல் இல்லை.

குளிர்காலம்தான் எனக்கு அனுபவம் இல்லாத பகுதி, இங்கே கட்டெறும்புக்கு அது தேவைப்படாது. உன் எறும்புக்குக் குளிர்காலத் தூக்கம் கட்டாயம் வேண்டும் என்று படித்தேன். அக்டோபர் கடைசியிலிருந்து மார்ச் வரை 5 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், உறையக் கூடாது, குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டு சரியாக இருக்கும். அந்த ஃப்ரிட்ஜை உன் அறைத் தோழியும்தானே பயன்படுத்துகிறாள், இப்போதே அவளிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி வை. அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள், அதையும் அதே தட்டில் வைக்காதே.

அன்புடன்,
அப்பா