போயிலைத் தறைக்குக் குழை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

புகையிலை மண்ணைக் கெடுக்கிறது, அதைத் தடை செய்யவேண்டும் என்று தங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையை வாசித்தேன். யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் நாற்பது வருடமாகப் போயிலை வைக்கிறவன் நான். கெடுக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் எப்படிக் கெடுக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.

நெல் என்றால் வைக்கோலாவது மிஞ்சும். போயிலையில் இலைதான் விளைச்சல். பூவை முறித்து, பக்கமுளையைக் கிள்ளி, சத்தெல்லாம் இலைக்கு ஏறவிட்டு, கடைசியில் அந்த இலையை ஒன்றுவிடாமல் வீட்டுக்குக் கொண்டுபோகிறோம். வேரில் நூற்புழு முடிச்சு இருக்குமென்று அடிக்கட்டையையும் பிடுங்கி எரிக்கிறோம். தறைக்கு, அதாவது தோட்ட நிலத்துக்கு, திரும்பிப் போவது ஒன்றுமில்லை. பொற்றாசியத்தை அள்ளிக் குடிக்கிற பயிர் இது. ஆனாலும் மலிவான பொற்றாசிய உரமான சிவப்புப் பொட்டாசைப் போட ஏலாது, அதில் குளோரைட்டு உண்டு. குளோரைட்டு ஏறிய இலையில் சுற்றிய சுருட்டு ஒழுங்காக எரியாது, வியாபாரி பற்றவைத்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைப்பார்.

அப்பாவும் இதே தறையில் இதே பயிரைத்தான் வைத்தார். நடுவதற்கு முன் எருவுக்காகத் தறையில் மாட்டுப் பட்டி அடைப்பார். பசளைக்குப் பூவரசங்குழையும் (இலையோடு வெட்டிய கொப்பு) காவிளாய்ச் செடியும் கட்டுக்கட்டாக வந்து இறங்கும். கிடங்கு வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்போம். வெட்டு முடிந்ததும் அதே தறையில் குரக்கன் (கேழ்வரகு). எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இன்று பட்டி இல்லை. வேலிப் பூவரசைத் தறித்து மதில் கட்டிவிட்டோம், நானும்தான். மிச்சம் உரப்பை. 2021இல் இலங்கை அரசு இரசாயன உரத்தைத் தடை செய்தபோதுதான் என் தறை எவ்வளவு சக்கையாகிவிட்டது என்று கண்டேன்: இடுப்புக்கு மேல் வளரவேண்டிய கன்று முழங்காலோடு நின்றது.

பையிலிருந்து கொட்டுகிற உரமும் மண்ணில் தங்குவதில்லை. செம்மண் நீரைப் பிடித்து வைக்காது, கீழே சுண்ணக்கல். போட்ட யூரியா மண்ணில் நைத்திரேற்றாக மாறி, நீரில் கரைந்து கிணற்றுக்கு இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுத்தான் குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. என் தோட்டக் கிணற்று நீரைச் சோதிக்கக் கொடுத்தேன். கைக்குழந்தைக்கு இந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம் என்றார்கள். (மலகூடக் குழிகளுக்கும் இதில் பங்குண்டு. வெங்காயத்துக்கும் உண்டு. போயிலையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.)

2020க்குள் புகையிலைச் செய்கையை நிறுத்துவோம் என்று அரசு முன்பு அறிவித்தது. அந்த ஆண்டும் வந்து போய்விட்டது. நாளைக்கே நிறுத்தினாலும் இதே தறையில் இதே உரப்பையோடு மிளகாய் வைப்பேன். கிணற்றுக்கு என்ன வித்தியாசம் தெரியப்போகிறது? கட்டுரையாளர் அடுத்த முறை எழுதமுன், ஒரு பரப்புக் காணிக்குக் குழை வெட்டி, ஏற்றி இறக்கித் தாழ்க்க இன்றைக்கு என்ன கூலி என்று எங்கள் பக்கம் வந்து விசாரிக்கட்டும். அந்தக் கூலியில் பாதியை யாராவது மானியமாகத் தந்தால் வருகிற மாரிக்கே தொடங்க நான் தயார்.

இப்படிக்கு,
புகையிலைச் செய்கையாளர் ஒருவர்,
வலிகாமம்.